ஏழு பேர் எஸ்யூவி: அருஸ், பிஆர்-வி, எக்ஸ்90 – கடைசி வரிசையில் உட்கார்ந்து பார்த்த பிறகு

ஷோரூமில் காலை வைத்ததும் எல்லாரும் ஓட்டுநர் இருக்கையில்தான் ஏறுகிறோம். ஸ்டியரிங்கைப் பிடித்து, திரையைத் தொட்டு, புது வண்டி வாசனையை முகர்ந்துவிட்டு புக்கிங் பணத்தைக் கட்டிவிடுகிறோம். ஏழு பேர் வண்டி வாங்கப் போகிறவர்கள் தயவுசெய்து முதலில் கடைசி வரிசையில் ஏறி உட்காருங்கள். ஐந்து பேர் வண்டிக்கு மேல் கொடுக்கும் பணமெல்லாம் அந்த இரண்டு இருக்கைக்காகத்தான். அங்கே ஆள் உட்கார முடியவில்லை என்றால், ஒன்பது வருடக் கடனில் மளிகைச் சாமான் வைக்க ஒரு இடம் வாங்கியிருக்கிறோம் என்று அர்த்தம்.

மலேசியச் சந்தையில் விலைத் தட்டுக்கு ஒன்றாக மூன்று வண்டிகளை எடுத்துக்கொள்வோம். பெரோடுவா அருஸ் 2019 ஜனவரியில் வந்தபோது எக்ஸ் வகை 72,900 வெள்ளி (மலேசிய ரிங்கிட்), ஏவி வகை 77,900 வெள்ளி. ஹோண்டா பிஆர்-வியின் இரண்டாம் தலைமுறை 2023 டிசம்பரில் 89,900 முதல் 99,900 வெள்ளி வரை வந்தது. புரோட்டோன் எக்ஸ்90, 2023 மே மாதம் நான்கு வகையாக 123,800 முதல் 152,800 வெள்ளி வரை. இவை அறிமுக விலைகள், இன்சூரன்ஸ் சேராதவை. இன்றைய விலையை ஷோரூமில் எழுதி வாங்குங்கள். மூன்றும் மூன்று தட்டு என்பது மட்டும் மாறாது.

கடைசி வரிசையைச் சோதிக்க ஒரு முறை இருக்கிறது. ஐந்தடி ஏழங்குல ஆள் ஒருவரைக் கூட்டிப் போங்கள். முதலில் ஓட்டுநர் இருக்கையை அவர் உண்மையில் ஓட்டும் நிலையில் வையுங்கள். அதற்குப் பின்னால் நடு வரிசையில் ஒருவரை முழங்கால் இடிக்காமல் உட்கார வையுங்கள். அதற்குப் பிறகுதான் கடைசி வரிசையில் ஏற வேண்டும். இந்த வரிசை முறை மாறினால் சோதனையே வீண். சேல்ஸ்மேன் முன்னிருக்கைகளை நெருக்கித் தள்ளிவிட்டு “பாருங்க சார், எவ்வளவு இடம்” என்பார். அந்த இடம் முன்னால் உட்காருகிறவரின் காலிலிருந்து எடுத்தது.

உட்கார்ந்ததும் முழங்காலுக்கு எதிரே எவ்வளவு இடைவெளி என்றுதான் எல்லாரும் பார்ப்பார்கள். அதைவிட முக்கியம் தொடை. உள்ளங்கையைத் தொடைக்கும் மெத்தைக்கும் நடுவே விட்டுப் பாருங்கள். கை தாராளமாகப் போய் வந்தால் தரை உயரமாக, இருக்கை தாழ்வாக இருக்கிறது. உடம்பின் எடை முழுவதும் இடுப்பெலும்பின் அடியில்தான் இறங்குகிறது. பத்து நிமிடத்தில் ஒன்றும் தெரியாது. தஞ்சோங் மாலிம் தாண்டுவதற்குள் பின்னால் இருக்கிறவர் நெளிய ஆரம்பிப்பார். கூடவே, முன்னிருக்கைக்கு அடியில் பாத நுனியை விட இடம் இருக்கிறதா, தலைசாய்ப்பை மேலே இழுத்தால் பின்மண்டை வரை வருகிறதா என்றும் பாருங்கள். தலைசாய்ப்பு கழுத்தோடு நின்றுவிட்டால், பின்னாலிருந்து இன்னொரு வண்டி இடிக்கும்போது அது உதவாது.

அருஸ் இந்தச் சோதனையில் திணறுகிறது. அது பின்சக்கர இழுவை வண்டி. இயந்திரத்தின் விசை நடுவே ஓடும் தண்டு வழியாகப் பின் அச்சுக்குப் போகிறது, அதற்கு மேலேதான் கடைசி வரிசைத் தரை. ஆகவே தரை உயரம், முழங்கால் மேலே தூக்கிக்கொள்ளும். பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குப் போதும். பெரியவர்களை செந்தூலிலிருந்து பத்துமலைக்குக் கூட்டிப் போகலாம், சுங்கைப்பட்டாணிக்கு வேண்டாம். பிஆர்-வி முன்சக்கர இழுவை. பின்னால் ஓடும் தண்டு இல்லாததால் உட்காரும் நிலை சரியாக இருக்கிறது, நடுத்தர உயர ஆள் ஒன்றிரண்டு மணி நேரம் குறை சொல்லாமல் வருவார். எக்ஸ்90-இல் சக்கர இடைவெளி 2.8 மீட்டர், அகலம் 1.9 மீட்டர். கடைசி வரிசைக்கென்று தனி ஏர்கோன் துவாரமும் உண்டு. இந்த ஊர் வெயிலில் அந்தத் துவாரம் பெரிய விஷயம். மற்ற இரண்டிலும் நடு வரிசைக்கு மேலே கூரையிலிருந்து வரும் காற்றைத்தான் பின்னால் இருப்பவர்கள் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். வண்டியை மத்தியானம் இரண்டு மணிக்குப் பார்க்கப் போங்கள். காலை பத்து மணிக்குக் குளிரூட்டிய ஷோரூமுக்குள் எந்த வண்டியும் குளுகுளு என்றுதான் இருக்கும்.

இனி, பலர் வீட்டுக்கு வண்டி வந்த பிறகுதான் கண்டுபிடிக்கும் சிக்கல். 2020 ஜனவரி 1 முதல் குழந்தை இருக்கை இந்த நாட்டில் கட்டாயம். அதை மாட்டும் ஐசோஃபிக்ஸ் கொக்கி நடு வரிசையின் இரண்டு ஓர இருக்கைகளில் இருக்கும். இரண்டு குழந்தை இருக்கைகளையும் அங்கே மாட்டிவிட்டால் நடு வரிசையை மடக்க முடியாது. மடக்க முடியாவிட்டால் கடைசி வரிசைக்குப் போக வழியே இல்லை. பாட்டி பூட் வழியாகவா ஏறுவார்? சின்னப் பிள்ளை ஒன்று என்றால், சாலையோரம் இறங்கும் இடது பக்க இருக்கையைக் காலியாக விட்டு, வலது பக்கம் குழந்தை இருக்கையை மாட்டுங்கள். நடு வரிசை 60:40 ஆகப் பிரிவதில் எந்தப் பக்கம் எது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு சின்னப் பிள்ளைகள் என்றால் எக்ஸ்90-இன் ஃபிளாக்‌ஷிப் வகைதான் ஒழுங்கான விடை: ஆறே இருக்கை, நடுவில் இரண்டு தனித்தனி நாற்காலி, அவற்றுக்கு இடையே நடந்து பின்னால் போகலாம். ஒரு இருக்கை குறைகிறதே என்று அதை ஒதுக்குகிறார்கள். இப்படிப்பட்ட வீட்டுக்கு அந்த ஆறுதான் ஏழைவிடப் பயன்.

உயரத்தையும் பாட்டியை வைத்தே அளக்க வேண்டும். அருஸின் தரை இடைவெளி 220 மில்லிமீட்டர். தோட்டப்புறச் செம்மண் பாதைக்கும், குண்டும் குழியுமான சாலைக்கும் அது வரம். சேலை கட்டிய எழுபது வயது அம்மாவுக்கு அது ஒரு படி அதிகம். கதவுத் தூண் பக்கம் பிடிமானம் இருக்கிறதா, அதைப் பிடித்து அவரால் உடம்பைத் தூக்க முடிகிறதா என்று அவரையே ஏறச் சொல்லிப் பாருங்கள். பக்கவாட்டுப் படியைப் பிறகு மாட்டிக்கொள்ளலாம் என்பார்கள். மாட்டலாம், ஆனால் இறங்கும்போது கால் எட்டாமல் அந்தப் படியிலேயே கெண்டைக்கால் உராயும், மழை நாளில் சேலைக் கரையெல்லாம் சேறாகும்.

எல்லா இருக்கையும் நிமிர்ந்திருக்கும்போது பூட்டில் மிஞ்சுவது அருஸில் 213 லிட்டர், பிஆர்-வியில் 244, எக்ஸ்90-இல் 257. கணக்கில் வேறுபாடு தெரிந்தாலும் மூன்றிலும் கதை ஒன்றுதான்: விமானத்துக்குள் கொண்டுபோகும் சின்னப் பெட்டி ஒன்றிரண்டை நிறுத்தி, பக்கத்தில் முறுக்கு டின்களை அடுக்கினால் தீர்ந்தது. ஏழு பேரும் தீபாவளிச் சாமானும் சேர்ந்து போக வேண்டுமென்றால் கூரைப் பெட்டி தேவை. அதை மாட்டினால் பல அங்காடி வளாகங்களின் மாடி நிறுத்துமிடத்தில் உயரக் கம்பி இடிக்கும். குழந்தைத் தள்ளுவண்டி வைத்திருப்பவர்கள் அதையே ஷோரூமுக்குத் தூக்கிக்கொண்டு போய் வைத்துப் பாருங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை.

மலை, மழை, மாடி நிறுத்துமிடம்

மூன்றுமே 1.5 லிட்டர்தான், ஆனால் ஒரே இனமில்லை. அருஸ் 102 குதிரைத்திறன், 133 நியூட்டன் மீட்டர், நான்கு கியர் ஆட்டோ. பிஆர்-வி 121, 145, சிவிடி (படிப்படியான கியர் இல்லாத ஆட்டோ). எக்ஸ்90 மூன்று சிலிண்டர் டர்போ, 48 வோல்ட் துணை மோட்டாரோடு 190 குதிரைத்திறன், 300 நியூட்டன் மீட்டர், ஏழு கியர் இரட்டை கிளட்ச்.

ஒருவர் மட்டும் ஓட்டிப் பார்த்தால் மூன்றும் நன்றாகத்தான் ஓடும். ஏழு பேர் எடை சுமார் 400 கிலோ; அதை ஏற்றிக்கொண்டு ஏற்றத்தில் பாருங்கள். கோலாலம்பூரில் இருப்பவர்கள் அம்பாங்கிலிருந்து உலு லங்காட் போகும் மலைச்சாலையைக் கேளுங்கள். பினாங்கில் பாயா தெருபோங்கிலிருந்து பாலிக் பூலாவுக்குப் போகும் ஜாலான் துன் சார்டோன் போதும். அருஸ் அங்கே இரண்டாம் கியருக்கு இறங்கி உறுமும். மூன்றுக்கு ஏறினால் மூச்சு வாங்கும், மறுபடி இரண்டுக்கு வரும். நான்கே கியர் என்பதால் நடுவே ஒதுங்க இடமில்லை. ஏறாமல் நிற்காது, முந்திச் செல்லத்தான் முடியாது. பிஆர்-வி ஒரே சுருதியில் இரைந்துகொண்டு ஏறும், வேகம் சீராக இருக்கும். எக்ஸ்90-க்கு அந்த மலை ஒரு பொருட்டில்லை. ஆனால் நெரிசலில் அதை ஓட்ட ஒரு பழக்கம் வேண்டும்: ஏற்றத்தில் நிற்கும்போது எண்ணெய் மிதியை (ஆக்ஸிலரேட்டரை) லேசாக மிதித்து வண்டியைத் தாங்கி நிறுத்தாதீர்கள். அப்போது கிளட்ச் பாதி பிடியில் தேய்ந்து சூடாகும். பிரேக்கில் நிறுத்தி, முன்வண்டி நல்ல இடைவெளி விட்டதும் ஒரே நகர்வாக நகர்த்துங்கள்.

அருஸுக்கு ஒரு நியாயம் சொல்ல வேண்டும். கடைசி வரிசை நிறைந்தால் எடை பின்னச்சில் இறங்குகிறது. பின்சக்கர இழுவை வண்டிக்கு அது பிடிமானத்தைக் கூட்டும். முன்சக்கர இழுவை வண்டிக்கு முன்டயர் இலேசாகி, ஈரமான கொண்டோ சரிவுப் பாதையில் சுழலும். கேமரன் மலைத் தோட்டங்களுக்கோ புறம்போக்குப் பாதைக்கோ அடிக்கடி போகும் குடும்பத்துக்கு இது உண்மையான காரணம்.

தரை உயரத்தை வெள்ளத்துக்குப் பாதுகாப்பு என்று நம்ப வேண்டாம். உயரமான வண்டி திடீர் வெள்ளத்தில் கொஞ்சம் கூடுதலாகத் தாக்குப்பிடிக்கும், அவ்வளவுதான். காற்று இழுக்கும் குழாய்க்குள் தண்ணீர் புகுந்தால் சிலிண்டருக்குள் போகும். தண்ணீரைப் பிஸ்டனால் அழுத்த முடியாது, இணைப்புக் கம்பி வளையும். தண்ணீரில் இயந்திரம் நின்றுவிட்டால் மறுபடி ஸ்டார்ட் செய்யவே கூடாது. தள்ளி வெளியே எடுங்கள், இழுவை வண்டியைக் கூப்பிடுங்கள்.

எக்ஸ்90 வாங்க ஆசைப்படுகிறவர்கள் அளவுநாடாவோடு முதலில் தங்கள் கொண்டோ நிறுத்துமிடத்துக்குப் போங்கள். இரண்டரை மீட்டர் அகலக் கட்டத்தில் 1.9 மீட்டர் வண்டியை நடுவே நிறுத்தினால் பக்கத்துக்கு 30 சென்டிமீட்டர் மிஞ்சும். ஒரு பக்கம் தூண் என்றால் குழந்தையை இருக்கையோடு தூக்கி இறக்க முடியாது. அருஸ் 1.7 மீட்டர்கூட இல்லை. பழைய அடுக்குமாடியில் இது தினமும் தெரியும் வேறுபாடு.

விலைச்சீட்டில் இல்லாத விலை

சென்னையிலோ கோவையிலோ இருக்கும் உறவினர் “எங்க ஊர்ல இதே சைஸ் வண்டி இவ்வளவுதான்” என்று சொல்லும்போது குழம்ப வேண்டாம். அவர் சொல்வது பெரும்பாலும் எக்ஸ்-ஷோரூம் விலை. தமிழ்நாட்டில் அதற்கு மேல் ஆயுள் வரி ஒரே தடவையாகச் சேரும். இங்கே விளம்பரத்தில் வருவது கலால் வரியும் விற்பனை வரியும் சேர்ந்த சாலை விலை, சாலை வரியோ வருடா வருடம். இரண்டையும் அப்படியே பக்கத்தில் வைத்துப் பார்க்க முடியாது.

சாலை வரி நம்மைப் பயமுறுத்தாது. தீபகற்ப மலேசியாவில் எஸ்யூவிக்கும், எம்பிவி என்ற பல பேர் ஏறும் குடும்ப வண்டிக்கும் 1,401 முதல் 1,600 சிசி வரை வருடம் 120 வெள்ளி. மூன்று வண்டிக்கும் அதுவே. 1,998 சிசி வண்டி வாங்கினால் 439.20 வெள்ளி. டர்போவுக்கு வரி இல்லை, கொள்ளளவுக்குத்தான் வரி; எக்ஸ்90 இந்த விஷயத்தில் கெட்டிக்காரத்தனமான வண்டி.

கடன்தான் பெரியது. முன்பணம் பொதுவாகப் பத்து விழுக்காடு. 90,000 வெள்ளி கடன், 3 விழுக்காடு பிளாட் வட்டி என்று வைத்துக்கொள்வோம். ஒன்பது வருடத்துக்கு வட்டி மட்டும் 24,300 வெள்ளி. மாதம் 1,058 வெள்ளி. ஏழு வருடம் என்றால் வட்டி 18,900, மாதம் 1,296. ஐந்து வருடம் என்றால் வட்டி 13,500, மாதம் 1,725. பிளாட் என்றால் அடைத்த பணத்துக்கும் சேர்த்து முழுக் காலத்துக்கும் வட்டி. அந்த 3 விழுக்காடு ஒன்பது வருடத்தில் உண்மையில் ஏறக்குறைய 5.5 விழுக்காட்டுக்குச் சமம். வங்கியில் அந்த உண்மை வட்டி என்ன என்று கேட்டு வாங்குங்கள். 2.8-க்கும் 3.0-க்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று விட்டுவிடாதீர்கள்: இதே கடனில் ஒன்பது வருடத்துக்கு அது 1,620 வெள்ளி. இலவசக் கோட்டிங், கார்பெட், டேஷ்கேம் என்று அடுக்கும் சேல்ஸ்மேனிடம் அவற்றுக்குப் பதில் விலையில் கழிவு கேளுங்கள். ஒரே வங்கியோடு நிற்காமல் மூன்று வங்கிக்கு விண்ணப்பிக்கச் சொல்லுங்கள்.

இன்சூரன்ஸில் பலர் பணத்தை விடுவது என்சிடி என்ற கோரிக்கையில்லாக் கழிவில், அதாவது இழப்பீடு கேட்காத வருடங்களுக்குப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடியில். பழைய கட்டண அட்டவணையை ஒரு அளவுகோலாக எடுத்தால், 1.5 லிட்டர் வண்டியை 100,000 வெள்ளிக்குக் காப்பீடு செய்ய அடிப்படைப் பிரீமியம் 2,879.50 வெள்ளி. 55 விழுக்காடு கழிவு உள்ளவர் 8 விழுக்காடு சேவை வரியும் 10 வெள்ளி முத்திரை வரியும் சேர்த்துக் கட்டுவது ஏறத்தாழ 1,409 வெள்ளி. கழிவே இல்லாதவர் 3,120 வெள்ளி. அந்தக் கழிவு வண்டிக்கு அல்ல, ஆளுக்குச் சொந்தம். அப்பாவின் பெயரில் இருக்கும் 55 விழுக்காட்டைப் புது வண்டி வாங்கும் மகன் எடுத்துக்கொள்ள முடியாது. ஆகவே வண்டி யார் பெயரில் என்பதை புக்கிங்குக்கு முன்பே வீட்டில் பேசி முடிவு செய்யுங்கள். பழைய வண்டியை விற்ற கையோடு அதன் கழிவைப் புது வண்டிக்கு மாற்றச் சொல்லுங்கள். 2017 ஜூலைக்குப் பிறகு நிறுவனத்துக்கு நிறுவனம் விலை வேறுபடுவதால் ஷோரூம் கொடுக்கும் ஒரே விலையை ஏற்க வேண்டிய கட்டாயமும் இல்லை.

வெள்ளச் சேர்ப்பை விடாதீர்கள். சாதாரண முழுக் காப்பீட்டில் வெள்ளம் இல்லை. காப்புத் தொகையில் 0.2 முதல் 0.5 விழுக்காடு கட்டினால் கிடைக்கும். ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடா 2021 டிசம்பரில் மூழ்கியதைப் பார்த்த பிறகு இதில் மிச்சம் பிடிக்க என்ன இருக்கிறது? முன்கண்ணாடிக்கும் தனிச் சேர்ப்பு எடுங்கள், கண்ணாடிக்கென்று குறிக்கும் தொகையில் 15 விழுக்காடு. பிஆர்-வியிலும் அருஸ் ஏவியிலும் கண்ணாடிக்குப் பின்னால் பாதுகாப்புக் கேமரா இருக்கிறது. கண்ணாடி மாற்றினால் கேமராவை மறுபடி அளவீடு செய்ய வேண்டும், அந்தச் செலவையும் சேர்த்துத் தொகையைக் குறியுங்கள். இந்தக் கோரிக்கை என்சிடியைத் தொடாது.

உத்தரவாதம்: பெரோடுவாவும் புரோட்டோனும் ஐந்து வருடம் அல்லது 150,000 கிலோமீட்டர், ஹோண்டா ஐந்து வருடம், தூரக் கணக்கில்லை. சிரம்பானிலிருந்து தினமும் கோலாலம்பூர் வந்து போகிறவர் வருடத்துக்கு 30,000-ஐச் சுலபமாகத் தாண்டுவார்; அவருக்கு முதலிரண்டும் ஐந்து வருடத்துக்கு முன்பே முடிந்துவிடும்.

இவ்வளவையும் கூட்டிப் பார்த்தால் என் தேர்வு பிஆர்-வி. கடைசி வரிசையில் பெரியவர்கள் உட்காரலாம், ஹோண்டா சென்சிங் என்ற பாதுகாப்பு உதவித் தொகுப்பு எல்லா வகையிலும் உண்டு, மாடி நிறுத்துமிடத்திலும் அடங்கும். விலை குறைந்த வகையை எடுத்தாலே போதும். வாரத்தில் நான்கைந்து நாள் ஆறு பேர் போகும் வீட்டுக்கு எக்ஸ்90 கொடுக்கும் பணத்துக்குத் தகும். வாரக் கடைசிக்கு மட்டும் என்றால் தகாது. அருஸை மண் பாதைக்குப் போகிறவர்களுக்கு மட்டும் சொல்வேன், அதிலும் தானியங்கிப் பிரேக் உள்ள ஏவி வகையை. தார்ச்சாலையைவிட்டு இறங்கவே மாட்டோம், எஸ்யூவி என்ற பெயர் முக்கியமில்லை என்கிறவர்கள் 2022 ஜூலையில் 62,500 வெள்ளிக்கு வந்த பெரோடுவா அல்சாவைப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். அதுவும் ஏழு பேர் வண்டிதான், ஏறி இறங்கச் சுலபம், சிவிடி கியர்.

வண்டி எடுக்கும் நாளில் பகல் வெளிச்சத்தில், மழை இல்லாதபோது போங்கள். ஈரத்தில் பெயின்ட் கீறல் தெரியாது. தயாரித்த வருடமும் பதிவு வருடமும் ஒன்றா என்று பார்த்து, போன வருட வண்டி என்றால் அதற்குரிய கழிவு சீட்டில் இருக்கிறதா என்று கேளுங்கள். டயர் ஓரத்தில் நான்கு இலக்கம் இருக்கும்: 3225 என்றால் 2025-இன் 32-ஆவது வாரம். ஐந்திலும், ஸ்பேர் உட்பட, படியுங்கள். கறுப்பு டின்ட் இலவசம் என்றால் முன்கண்ணாடி 70 விழுக்காடு, முன் பக்கக் கண்ணாடிகள் 50 விழுக்காடு வெளிச்சம் விட வேண்டும் என்ற ஜேபிஜே (சாலைப் போக்குவரத்துத் துறை) விதியைச் சொல்லி ஒட்டச் சொல்லுங்கள். பின்னால் எவ்வளவு கறுப்பானாலும் தடையில்லை, கடைசி வரிசைக்கு அது நல்லதும்கூட. ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் காற்றழுத்தச் சீட்டு தெரியும். அதில் ஆள் குறைவுக்கு ஒன்று, முழுச் சுமைக்கு ஒன்று என இரண்டு அளவு போட்டிருந்தால், ஏழு பேரோடு வடக்கே கிளம்பும் முன் பின்டயர்களில் இரண்டாவது அளவை ஏற்றுங்கள்.